ஆறரை மணிக்கு மேல் எட்டேகால் மணிக்குள்

ஆவாரங்குளம் என்ற ஊரில் மழை பொய்த்த வருடங்கள் உண்டு, குளம் வற்றிய வருடங்கள் உண்டு, நகராட்சித் தேர்தலே நடக்காமல் போன வருடங்கள்கூட உண்டு, ஆனால் நகர நாடகக் குழு நாடகம் போடாத வருடம் என்று ஒன்று கிடையாது. அந்த நாடகத்தைப் பார்க்க ஊர் திரண்டு வந்த வருடம் என்றும் ஒன்று கிடையாது. கடைசி மூன்று நாடகங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் கலையரங்கக் காவலாளியை மூன்று தடவை எண்ணியிருந்தார்கள், மழைக்கு ஒதுங்கிய ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். இப்படி இருக்கையில்தான் நகராட்சி ஆணையரிடமிருந்து கடிதம் வந்தது: அடுத்த நாடகத்துக்கு அரங்கத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளும் நிரம்பாவிட்டால், கலையரங்கம் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக மாற்றப்படும், குழு தன் வாள், கிரீடம், ஒட்டுமீசை முதலியவற்றை ஏழு நாளுக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கடிதம் கைமாறிக் கைமாறி, கடைசியில் விளம்பரச் செயலாளர் மங்கையர்க்கரசியிடம் வந்து நின்றது. மங்கை அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். எப்படியும் வீடு வீடாகப் போகிறவள்தானே, போகிற போக்கில் நாடகத்தையும் சொல்லிவிட்டு வரட்டும் என்று அந்தப் பதவியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளும் செய்யாத வித்தை இல்லை. நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்துப் பார்த்தாள். ஊர் அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தது. செல்போன் குழுக்களில் செய்தி போட்டாள். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் திரும்பி வந்தது. ஆட்டோவில் குழாய் கட்டிக் கத்தினாள். பழைய இரும்பு எடுக்கிறார்கள் என்று நினைத்து ஒருத்தி ஓட்டை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விளம்பரத்துக்கென்று குழு ஒதுக்கிய தொகையோ, விளம்பரத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்துக்கு டீ வாங்கியதோடு தீர்ந்து போயிருந்தது.

இந்த வருட நாடகத்தின் பெயர் 'மாதம் ஒரு வீடு'. எழுதி இயக்கியவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கும் குற்றாலிங்கம். வேலாயுதப் பெருமாள் என்று ஒரு பெரியவர், எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று மகன்கள், மாதத்துக்கு ஒரு மகன் வீட்டில் சோறு. ஒரு முதல் தேதியன்று, ஒரு மகன் பஸ் ஏற்றி அனுப்ப, அடுத்த மகன் வந்து அழைத்துப் போகாமல், பேருந்து நிலையத்துப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு "இந்த மாசம் யாரு வீடு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் வராமல், பையிலேயே தலையைச் சாய்த்துச் செத்துப்போகிறார். எழுதும்போது நாலு இடத்தில் அழுததாகக் குற்றாலிங்கம் சொன்னார். முதல் தேதி ஒத்திகைக்கு மட்டும் அவர் தாமதமாக வருவார். அப்பாவைத் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு வர வேண்டியிருக்கும்.

மங்கைக்கு அந்தக் கடைசிக் காட்சியைக் காதால் கேட்க முடியாது. அவளுடைய அப்பாவும் அண்ணன்மார் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஆறு வருடம் அப்படிப் பையோடு போய் வந்தவர். பெண்பிள்ளை வீட்டில் போய்த் தங்குவது முறையில்லை என்று அவர் சொன்னார், முறையில்லைதான் என்று இவளும் இருந்துவிட்டாள், ஒரு தடவை பேருந்து நிலையத்தில் பார்த்தபோது தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ப் பாட்டில் பதினோரு வருடமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். ஊரில் என்னதான் படிக்கிறார்கள் என்று மங்கை ஒரு வாரம் கவனித்தாள். பேப்பரில் பாதி உலகம் செத்திருந்தாலும் ஆவாரங்குளத்துக்காரன் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போவான். சுவரில் ஒரே ஒருத்தர் செத்திருந்தால் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, வயது, தெரு, சம்பந்தி வீடு, பேரன் வேலை பார்க்கும் கம்பெனி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவான். 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி ஒன்றுதான் அந்த ஊரில் ஒரு எழுத்து விடாமல் படிக்கப்படும் இலக்கியம்.

அச்சகம் வைத்திருக்கும் ஞானப்பிரகாசத்திடம் அதற்கு வழியும் இருந்தது. பெரிய வீட்டுக்காரர் ஒருவருக்காக முன்கூட்டியே ஓரத்தில் குத்துவிளக்கும் மாலையும் மேலே 'கண்ணீர் அஞ்சலி'யும் அடித்து வைத்த நூறு தாள், அவர் பிழைத்துக்கொண்டதால் மூலையில் கிடந்தது.

"சும்மா கெடக்க தாளுதான். பேரும் படமும் போடுத கூலி மட்டும் குடு," என்றார் ஞானப்பிரகாசம். "படம் யாரு படம்?"

அங்கேதான் இடித்தது. வேலாயுதப் பெருமாளாக நடிக்கும் கூட்டுறவுச் சங்க இசக்கியப்பனிடம் படம் கேட்டபோது அவர் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். "எம் புருசன் படத்துக்கு மாலையைப் போட்டுச் சுவத்துல ஒட்டுவீகளோ? உங்க நாடகமும் வேண்டாம், நீங்க தார பொன்னாடையும் வேண்டாம்." குழுவில் இன்னும் பதினான்கு ஆண்கள் இருந்தார்கள், மேடையில் எமனாக நடித்தவர் உட்பட, ஒருத்தரும் படம் தரவில்லை. கடைசியில் ஞானப்பிரகாசம் தன் கம்ப்யூட்டரில் இருபது வருடமாகச் சேர்ந்து கிடந்த முகங்களிலிருந்து, ஒரு பழைய பஞ்சாயத்துத் தலைவர் நெற்றி, ஒரு பாத்திரக்கடைக்காரர் மூக்கு, ஒரு லாரி முதலாளி மீசை, ஒரு ஜோசியர் காது என்று எடுத்துத் தைத்து, யாருடையதும் இல்லாத ஒரு முகத்தைச் செய்து கொடுத்தார். யாருக்கும் கெடுதல் இல்லை, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று மங்கைக்கும் நிம்மதியாக இருந்தது.

வாசகத்தை அவளே எழுதினாள். 'திரு. வேலாயுதப் பெருமாள் (எடைமேடை எழுத்தர், ஓய்வு) அவர்கள் நிகழும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மேல் எட்டேகால் மணிக்குள், நகராட்சிக் கலையரங்கத்தில் இயற்கை எய்துவார். அனைவரும் வருக.' தெருக்காரர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதிக் கொடுத்துப் பழகிய கை, நேரத்தை அப்படித்தான் போடும். நாடகம் என்ற சொல்லுக்கோ, அடியில் குத்துவிளக்கின் பாதத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை ஒட்டினார்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நூறு சுவரொட்டியிலும் படம் இருந்த முட்டை வடிவக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதே எட்டு மணிக்கு வேலாயுதப் பெருமாள் பேருந்து நிலையத்துச் சுவரிலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு டீக்கடைக்கு வந்து, சீனி குறைத்து ஒரு டீ சொன்னார். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை நீட்டிவிட்டு, "ஞாயித்துக்கெழம தானய்யா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா, போட்டிருக்குல்லா," என்றார் அவர்.

அவருக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் தாளின் மறுபக்கம் போல வெள்ளையாக, மைதாப் பசை காயாமல் இருந்தது. சுவரில் சாய்ந்தால் ஒட்டிக்கொள்வார், இரண்டு பேர் பக்குவமாக உரித்து எடுக்க வேண்டும். ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிய மனுசனுக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்று இரண்டே நாளில் ஒரு வழக்கம் உண்டாகி, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் செய்ததுதான் வேடிக்கை. முதலில் துக்கம் கேட்க வந்தார்கள், அவரிடமே. "ஞாயித்துக்கெழம எனக்குக் கடையநல்லூர்ல ஒரு விசேசம், வர முடியாது பாத்துக்கிடுங்க, அதான் இப்பமே கேட்டுட்டுப் போவோம்னு," என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவரும் "அதுக்கென்ன, வந்ததே சந்தோசம்," என்று அனுப்பி வைத்தார். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் தன் படத்தை முழம் அகலத்துக்குப் போட்டு, மூலையில் வேலாயுதப் பெருமாளைத் தபால்தலை அளவுக்கு வைத்து ஒரு பேனர் கட்ட, எதிர்க்கட்சிக்காரர் அதைவிட ஒரு முழம் கூடுதலாகக் கட்டினார். பென்சன் அலுவலகத்தில் உயிரோடிருக்கும் சான்று கேட்டார்கள், கொடுத்ததும் ஞாயிறு வரைதான் செல்லும் என்று முத்திரை போட்டார்கள். திங்கட்கிழமை விடுப்பில் போகவிருந்த நகராட்சி எழுத்தர் ஒருவர், இறப்புச் சான்றிதழை வியாழக்கிழமையே எழுதி அவர் கையிலேயே கொடுத்து, எழுத்துப்பிழை இருக்கிறதா பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தி வாங்கினார்.

பிறகு சொந்தம் கிளம்பியது. மூக்கைப் பார்த்துப் பாத்திரக்கடைக் குடும்பம் எங்கள் பெரியப்பா என்றது. காதைப் பார்த்து ஜோசியர் வீடு எங்கள் சித்தப்பா என்றது. மீசைக்கு லாரி முதலாளி வீட்டிலிருந்து மூன்று காரில் வந்தார்கள். எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். "சரி, ஞாயித்துக்கெழம வரைக்கும் அய்யாவை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீக?" என்று மங்கை கேட்டதும் அழுகை நின்றுவிட்டது.

"மூக்கு மட்டுந்தான் எங்க வீட்டுது," என்றார் பாத்திரக்கடைக்காரர் மகன். "மிச்சத்துக்கு நாங்க எப்படிப் பொறுப்பாவோம்?"

காதுக்காரர்களுக்கு வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. மீசைக்காரர்களுக்கு நாய் இருந்தது, புது ஆளைக் கண்டால் விடாது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: காலையில் மூக்கு வீட்டிலிருந்து இட்லி, மத்தியானம் காது வீட்டிலிருந்து சோறு, ராத்திரி மீசை வீட்டிலிருந்து இரண்டு தோசை, படுக்கை கலையரங்கத்து ஒப்பனை அறையில். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். இது எங்கோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாடகம் எழுதிய குற்றாலிங்கத்துக்கே தோன்றவில்லை.

அவர் வேறு கவலையில் இருந்தார். நிஜ வேலாயுதப் பெருமாள் ஊருக்குள் நடமாடும்போது இசக்கியப்பனை அந்த வேடத்தில் ஊர் ஏற்காது என்பதால், இசக்கியப்பனைப் பஸ் கண்டக்டராக்கிவிட்டு, பெரியவரையே நடிக்க வைத்தார். "ஆறு மாசம் சாவு பழகியிருக்கேன் அண்ணாச்சி, எம்புட்டு நல்லா வந்துச்சு," என்று இசக்கியப்பன் கண்கலங்கினார். பெரியவருக்கோ ஒத்திகையே தேவைப்படவில்லை. வசனம் எல்லாம் சொந்தப் பேச்சு போல வந்தது. சாகும் இடத்தில் மட்டும், "இதை அன்னிக்குப் பாத்துக்கிடலாம்," என்று எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காது வீட்டுச் சோறு வரத் தாமதமானதால் மங்கை தன் வீட்டிலிருந்து ரசமும் அப்பளமும் கொண்டுபோனாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "நல்ல கூட்டம் வரும் தாயி. கவலைப்படாத."

"அய்யா, நாடகம் முடிஞ்சதும் நீங்க எங்க போவீக?"

"எங்க போவ? சுவத்துல எழுதி வந்தவன் நான். எழுதினபடிதான நடக்கும்? எட்டேகாலுக்குள்ள முடிஞ்சிரும்." கோபமோ வருத்தமோ இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மாற்று வேட்டி, ஒரு துண்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

மங்கை அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் தூக்குவாளியைக்கூட எடுக்கவில்லை. நேராகக் குற்றாலிங்கத்திடம் ஓடினாள். 'நாடகம் ரத்து' என்று துண்டுத்தாள் அடித்து எல்லாச் சுவரிலும் குறுக்கே ஒட்டிவிடலாம் என்றாள்.

"ஏ மங்கை, வெளயாடுதியா? முந்நூத்திப் பன்னெண்டு நாற்காலியும் போயிட்டு. இன்னும் நூறு நாற்காலி வாடகைக்குச் சொல்லியிருக்கேன்."

"நெசமாவே செத்துருவாரு அண்ணாச்சி."

"கடைசிக் காட்சி அப்படித்தான இருக்கு," என்றார் குற்றாலிங்கம்.

ஊரிடம் சொல்லிப் பார்த்தாள். ஊர் முறைத்தது. லீவு போட்டாகிவிட்டது, மாலைக்குச் சொல்லியாகிவிட்டது, சங்கு ஊதுகிறவர் வேறு சாவை ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறார், பதினாறாம் நாளுக்குச் சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. இத்தனைக்குப் பிறகு நடக்காமல் போனால் ஊருக்கு அசிங்கம் இல்லையா என்றார்கள். நாலு பேருக்குச் சொன்ன விசேசத்தை நிறுத்தக் கூடாது என்பதுதானே முறை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே அரங்கம் நிறைந்தது. ஆணையர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை எண்ணி, எண்ணிக்கை தாண்டிவிட்டதென்று கையெழுத்துப் போட்டார். இரண்டு கவுன்சிலர்களும் ஆளுக்கொரு மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, யார் முதலில் வைப்பது என்று இப்போதே முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். நாடகம் போகப்போக ஊர் அழுதது. மருமகள் மோரில் தண்ணீர் ஊற்றும் காட்சியில் நிஜ மருமகள்கள் விசும்பினார்கள், மூன்று மகன்களும் பெரியவர் முன்னாலேயே கணக்குப் பேசும் காட்சியில் நிஜ மகன்கள் "இப்படியும் பிள்ளைக இருக்கானுகளே" என்று மூக்கைச் சிந்தினார்கள். குற்றாலிங்கம் திரைக்குப் பின்னால் நின்று ஐந்தாவது இடத்தில் அழுதார்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைசிக் காட்சி வந்தது. கண்டக்டர் இசக்கியப்பன் பெரியவரைப் பெஞ்சில் இறக்கிவிட்டுப் போனார். பெரியவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். அரங்கத்தில் மலர்வளையத்தின் செலோபன் தாள் சரசரப்பதைத் தவிர ஒரு சத்தமில்லை.

"இந்த மாசம் யாரு வீடு?"

பக்கத்துத் திரையோரம் வசனம் எடுத்துக் கொடுக்கும் நோட்டோடு நின்ற மங்கை நோட்டை மூடினாள்.

"இந்த மாசம் யாரு வீடு?"

பாத்திரக்கடைக்காரர் மகன் குனிந்து செருப்பைப் பார்த்தார். பெரியவர் கண்ணில் வெளிச்சம் குறைந்தது; நிறம் வெளுத்து, வெயிலில் பல நாள் கிடந்த சுவரொட்டி போல ஆனார்.

"இந்த மாசம்..."

"எங்க வீடு," என்று சொல்லிக்கொண்டு மங்கை மேடைக்கு வந்துவிட்டாள். நோட்டில் அப்படி ஒரு வசனம் இல்லை.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "பொம்பளப் பிள்ளை வீட்டுல தங்குதது முறையில்லயேம்மா."

"முறை பாத்துப் பாத்துத்தான் எங்கப்பாவைப் பஸ் ஸ்டாண்டுல விட்டேன். எந்திரிங்க. போவோம்."

"எழுதியிருக்கே தாயி."

"நாந்தானே எழுதுனேன். இருங்க, அந்த நேரம் போவட்டும்." அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அரங்கத்துக் கடிகாரத்தில் எட்டு பத்து ஆகியிருந்தது.

அந்த ஐந்து நிமிடம் போல ஒரு கூச்சலை ஆவாரங்குளம் தேர்தலில்கூடக் கேட்டதில்லை. "மணி ஆவுது, சாவச் சொல்லுங்கப்பா," என்றார் ஒருவர். ஏமாற்று வேலை என்றார் இன்னொருவர். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் உணர்ச்சிவசப்பட்டு மலர்வளையத்தை மேடையில் வீச, எதிர்க்கட்சிக்காரரும் முந்திவிடக் கூடாதென்று வீச, சங்குக்காரர் குழப்பத்தில் ஒரு முறை ஊதிவிட்டார். குற்றாலிங்கம் திரையை இழுக்கப் பார்த்தார், கயிறு சிக்கிக்கொண்டது. மங்கை எதையும் கேட்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டிய கையைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டேகால் தாண்டி எட்டு பதினாறு ஆனபோது பெரியவர் மெல்லத் தும்மினார். தும்மலில் முதுகுப் பக்கம் பசை காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அங்கே ஒரு சாதாரண முதுகு இருந்தது, கொஞ்சம் கூனலோடு.

நாடகம் மோசம் என்று ஊர் ஒரே குரலில் சொல்லிவிட்டது. சாவைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டுக் காட்டாதவர்களை இனி நம்பக் கூடாது என்றார்கள். அரங்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது, ஆணையர் முன்னமே கையெழுத்துப் போட்டுவிட்டதால். பெரியவரை அழைத்துக்கொண்டு மங்கை வீட்டுக்குப் போனபோது அவள் கணவர் தளவாய் கட்டிலை நகர்த்திப் போட்டு இடம் பண்ணினார். திங்கட்கிழமை காலையில் மூக்கு வீட்டு இட்லி வரவில்லை, அவள்தான் அவித்தாள்.

அவித்து வைத்துவிட்டு, மிச்சச் சுவரொட்டி எதுவும் இருந்தால் கிழித்துவிடலாம் என்று அச்சகத்துக்குப் போனாள். வாசலில் வரிசை நின்றது. இருபத்தெட்டுப் பேர் இருப்பார்கள், எல்லோரும் வயதானவர்கள், கையில் ஆளுக்கொரு பை. ஞானப்பிரகாசம் மேசைக்குப் பின்னால் திகைத்துப்போய், கண்ணீர் அஞ்சலித் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் அதே மாதிரி வேணுமாம்," என்றார் மங்கையிடம். "உசுரோட இருக்கையிலேயே."

வரிசையில் முதலாவதாக நின்றவரை மங்கைக்குத் தெரியும். ஒவ்வொரு முதல் தேதியும் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கிறாள். குற்றாலிங்கத்தின் அப்பா. தன் பழைய பஸ் பாஸிலிருந்து பிய்த்த படத்தை மேசைமேல் வைத்து, விரலால் நேராக நகர்த்திவிட்டார்.

"பேரு சொல்லுங்க பாட்டையா," என்றார் ஞானப்பிரகாசம். சொன்னார். "தேதி என்ன போட?"

பெரியவர் பையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எம் மவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் போடுப்பா. அவனுக்கு எந்த ஞாயித்துக்கெழம ஒழியுதோ, அந்த ஞாயித்துக்கெழம."